ஆய்வு வேலையும் விரிவுரையாளர் நாற்காலியும்

பல்கலைக்கழக ஆய்வுப் பணிகளைப் பற்றி மலாக்கா மாநிலத் தமிழரிடையே நிலவும் கருத்து சுருக்கமானது: அது நம்மவருக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், முனைவர் பட்டம் வாங்கியவரே கிராப் ஓட்டிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து ஒட்டுக்கடையில் பேசுகிறவரும் கல்விக் கருத்தரங்க மேடையில் பேசுகிறவரும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபடுவதில்லை. ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ இளங்கலை முடித்த பிள்ளை ஆய்வு முதுகலையில் சேரலாமா என்று கேட்டால், ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடு, இல்லையென்றால் பத்து பெரெண்டாம் கம்பெனியில் சேர் என்பதே பதில். இந்தக் கருத்து முழுப் பொய் அன்று. உண்மையான ஒரு குறையை எடுத்து, அந்தக் குறை இல்லாத இடங்கள்மீதும் அது பூசிவிடுகிறது. ஒரு வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கோயிலே மூடிக்கிடக்கிறது என்று திரும்பி வருவதைப் போன்றது இது.

குழப்பத்தின் வேர், விரிவுரையாளர் பதவியையும் ஆய்வு வேலையையும் ஒன்றாகக் கருதுவதில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி நிரந்தரப் பணியிடம். அதற்கு அரசு ஒதுக்கீட்டிலிருந்து சம்பளம், வரையறுத்த பதவி உயர்வுப் படிகள், ஒரு துறைக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு எல்லாம் உண்டு. ஒருவர் ஓய்வுபெற்றால்தான் இன்னொருவருக்கு இடம் என்ற நிலை பல துறைகளில் இருக்கிறது. 2016, 2017 ஆண்டுகளின் பட்ஜெட்டுகளில் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒதுக்கீடு வெட்டப்பட்ட பிறகு இத்தகைய இடங்கள் இன்னும் அரிதாயின. இந்த வாசலைப் பற்றி மட்டும் பேசினால் மலாக்காத் தமிழரின் அவநம்பிக்கையில் நியாயம் உண்டு.

ஆய்வு வேலையின் கணக்கு வேறு. அதில் படித்துக்கொண்டே ஊதியம் பெறும் பட்டதாரி ஆய்வு உதவியாளர் இருக்கிறார். பட்டத்துக்குப் பதிவு செய்யாமல் திட்டத்தில் மட்டும் வேலை செய்யும் ஆய்வு அலுவலர் இருக்கிறார். முனைவர் பட்டம் முடித்த கையோடு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் முழுநேரமாக ஆய்வு செய்து, கட்டுரை எழுதி, இளைய மாணவருக்கு வழிகாட்டும் போஸ்ட்டாக் இருக்கிறார். இவர்களில் பெரும்பாலோரின் சம்பளம் பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியிடப் பட்டியலிலிருந்து வருவதில்லை. ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்காமல் வேலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் நிலவும் கருத்தின் முதல் பிழை.

மானியம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது தகும். உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் எனப்படும் அடிப்படை ஆய்வு மானியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு விரிவுரையாளர் அதற்கு விண்ணப்பிக்கும்போதே, இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை கட்டுரை வெளியிடுவார், எத்தனை முதுகலை அல்லது முனைவர் மாணவரை உருவாக்குவார் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். மானியம் கிடைத்ததும் அதன் ஒரு பகுதி வோட் 11000 என்ற தலைப்பில், சம்பளத்துக்காகவும் உதவித்தொகைக்காகவும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணத்தை எடுத்துக் கருவி வாங்கிவிட முடியாது. ஆள் கிடைக்கவில்லை என்றால் பணம் செலவாகாமல் கிடக்கும், ஒப்புக்கொண்ட மாணவர் எண்ணிக்கை நிறைவேறாது, அடுத்த மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது கரும்புள்ளியாக நிற்கும். ஆகவே மானியக் கடிதம் கையில் வந்த நாளிலிருந்து அந்த விரிவுரையாளரும் ஆள் தேடுகிறார். வேலை தேடும் பிள்ளைக்கு இருக்கும் அவசரம் அவருக்கும் இருக்கிறது.

அவர் எங்கே தேடுகிறார்? முதலில் தன் இறுதியாண்டு மாணவரிடையே. டுரியான் துங்கலில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்காவில், அதாவது யூடெமில், இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் பிஎஸ்எம் என்ற இறுதியாண்டுத் திட்டத்தைச் செய்தாக வேண்டும். புக்கிட் பெருவாங்கில் உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் இறுதியாண்டுத் திட்டம் உண்டு. நேரத்துக்கு வந்து, அளவீட்டை ஒழுங்காகக் குறித்து, அறிக்கையைப் பிழையின்றி எழுதிய மாணவரின் பெயர் மேற்பார்வையாளர் நினைவில் தங்கிவிடுகிறது. மானியம் வரும்போது முதல் அழைப்பு அவருக்குத்தான் போகிறது. பிறகே ஆய்வுக்கூடக் கதவில் ஒட்டும் அறிவிப்பும், துறையின் முகநூல் பக்கமும், சக விரிவுரையாளரின் வாட்ஸ்அப் குழுவும். நாளிதழில் விளம்பரமாக வருவது அபூர்வம். தமிழ் நாளிதழில் வருவது அதைவிட அபூர்வம். விளம்பரம் கண்ணில் படாததால் வேலையே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள், இந்த வேலைகள் விளம்பரத்துக்கு முன்பே பேசி முடிந்துவிடுகின்றன என்பதைக் கவனிப்பதில்லை.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் இதுவும் கேபிள்தானே' என்று சொல்லத் தோன்றும். பழக்கம் வேறு, சிபாரிசு வேறு. இங்கே செல்லுபடியாவது மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் மாணவர் செய்துகாட்டிய வேலை. யாருடைய மகன் என்று அதில் யாரும் கேட்பதில்லை. தோட்டத்துப் பிள்ளையால் வாங்கக்கூடிய ஒரே கேபிள் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இனப் பாகுபாட்டு வாதமே நிலவும் கருத்தின் பலமான தூண். அதை மழுப்பக் கூடாது. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்ற ஒதுக்கீடு எல்லோரும் அறிந்தது. பல்கலைக்கழகங்களுக்கு எதிர்கால விரிவுரையாளர்களைப் படிக்கவைத்து உருவாக்கிய எஸ்எல்ஏபி திட்டத்தின் பெயரிலேயே பூமிபுத்ரா என்ற சொல் இருக்கிறது. வேறு விளக்கம் அதற்குத் தேவையில்லை. விரிவுரையாளர் வரிசையில் இந்தியர் குறைவாக இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று யாராவது சொன்னால், அவர் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படவில்லை என்றுதான் பொருள்.

ஆனால் இந்தத் தடைகள் நிற்கும் இடம் எது? மெட்ரிகுலேஷன் பட்டப்படிப்புக்கு முந்திய வாசல். யூபியூ என்ற மையச் சேர்க்கை முறை முதல் பட்டத்துக்கானது. இரண்டையும் தாண்டி, எஸ்டிபிஎம் எழுதியோ தனியார் கல்லூரி வழியாகவோ பட்டம் வாங்கிவிட்ட பிள்ளைக்கு அந்த வாசல்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. ஆய்வு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் யூபியூ இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே சேர்க்கிறது. இன விழுக்காடு வரையறுத்த இடப்பட்டியலும் அதில் இல்லை. வேலை கேட்டு பொதுச் சேவை ஆணையத்தில் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கும் இது செய்தி: பல்கலைக்கழகங்கள் சட்டப்படி அமைந்த தனி அமைப்புகள், தங்களுக்கு வேண்டியவரைத் தாமே எடுக்கின்றன. தகுதி விஷயத்திலும் ஒரு தவறான அச்சம் பரவியிருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால்தான் ஆய்வுப் பக்கம் போகலாம் என்று நினைக்கிறார்கள். ஆய்வு முதுகலைக்குப் பொதுவாகக் கேட்பது 2.50 சராசரிப் புள்ளி. 3.00 எடுத்த பிள்ளை தனக்குத் தகுதியில்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறது.

பாகுபாட்டை நம்புகிறவர்கள் விளக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மலாக்காவின் ஆய்வுக்கூடங்களில் ஈராக்கிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் முனைவர் பட்ட மாணவராக இருக்கிறார்கள், போஸ்ட்டாக்காகவும் இருக்கிறார்கள். உள்ளூர்ச் செல்வாக்கோ ஒதுக்கீடோ இவர்களுக்கு ஏது? அந்நியருக்குத் திறந்த கதவு பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் மூடியிருக்கிறது என்றால், தட்டிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து, 'மலாக்காவில் என்ன இருக்கிறது, எல்லாம் கோலாலம்பூரில்தான்' என்ற பேச்சு. ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற தகுதி பெற்ற ஐந்தில் ஒன்றும் மலாக்காவில் இல்லை என்பது உண்மை. ஆனால் மாநிலம் சிறியது. அந்தச் சிறிய பரப்புக்குள் இருப்பது குறைவன்று. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய யூடெம், மின்னியல், இயந்திரவியல், உற்பத்திப் பொறியியல், கணினி எனத் தொழில்நுட்பத்தையே நோக்கமாகக் கொண்டது. டெலிகோம் நிறுவனத்தின் கையிலுள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகம் தொலைத்தொடர்பு, கணினி ஆய்வில் ஊன்றியது. 1997இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. லெண்டுவிலும் ஜாசினிலும் யூஐடிஎம் வளாகங்கள் உண்டு. அதன் மாணவர் சேர்க்கை பூமிபுத்ராக்களுக்கே என்பதால் இங்கே அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் ஆய்வு நடக்கிறது. பத்து பெரெண்டாமில் 1970களில் சீமென்ஸ் தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்ஃபினியன். அங்கே சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதுடன் அதற்கான பொருள்களையும் முறைகளையும் உருவாக்கும் வேலையும் உண்டு. அதே வட்டாரத்தில் இருக்கும் சிடிஆர்எம், விமான இறக்கைகளுக்கான கலவைப் பொருள் பாகங்களைச் செய்கிறது. நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய பத்தாங் மலாக்காவில் ஐஓஐ நிறுவனத்தின் செம்பனை ஆய்வு நிலையம் இருக்கிறது. பிள்ளைகளைப் 'பத்து பெரெண்டாம் கம்பெனிக்குப் போ' என்று அனுப்புகிறவர்கள், அங்கே உற்பத்தி வரிசையில் நிற்பதும் ஆய்வுப் பிரிவில் உட்காருவதும் வேறு வேறு சம்பளம் என்பதைச் சொல்வதில்லை. பொருளறிவியலில் முதுகலை ஆய்வு முடித்தவர் அதே கம்பெனி வாசலில் வேறு அடையாள அட்டையுடன் நுழையலாம்.

ஆய்வு நம் மரபில் இல்லை, நம்மவர் உடலுழைப்பால் வந்தவர் என்று சொல்லப்படுவது இன்னும் விநோதமானது. மலேசிய ரப்பர் தோட்டங்களின் முதல் அத்தியாயம் மலாக்காவில்தான் எழுதப்பட்டது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் நடச்சொல்லித் தோட்டக்காரர்களை நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவரை நம்பி 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டவர் மலாக்காச் சீனரான டான் சாய் யான். வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டமாக அதைச் சொல்வார்கள். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பின்னாளில் டன்லப் நிறுவனம் பத்தாங் மலாக்காவில் தன் ரப்பர் ஆய்வு மையத்தை வைத்தது.

அந்த ஆய்வை யார் கைகள் செய்தன? புதிய ஒட்டு ரகம் ஒன்று பழைய ரகத்தைவிட அதிகம் பால் தருகிறதா என்று கண்டுபிடிக்க, மரம் மரமாகப் பாலை எடுத்து, நிறுத்து, எண் குறித்து, ஆண்டுக்கணக்கில் பதிய வேண்டும். வெட்டு ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் பட்டை கெடும், கணக்கும் கெடும். பால் ஸ்டோரில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு உலர் ரப்பர் அளவைப் படித்தவர்கள், பட்டை வறண்டு பால் நின்றுபோன மரத்தை முதலில் அடையாளம் கண்டவர்கள், செம்பனையில் உரத்தேவையை அறியப் பதினேழாம் ஓலையை எண்ணி வெட்டி மாதிரி எடுத்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். எண்களைக் குறித்தது அவர்கள், கட்டுரையில் பெயர் வந்தது துரைமார்களுக்கு. காலனி ஆட்சியின் ஏணி அப்படிக் கட்டப்பட்டிருந்தது.

அந்த ஏணி உடைந்ததும் என்ன நடந்தது என்பதற்குச் சிலாங்கூரிலிருந்து ஒரு சான்று போதும். 1929இல் சுங்கை பூலோவில் ஒரு தோட்டத்தில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த பி. சி. சேகர், ரப்பர் ஆய்வுக் கழகத்தில் வேதியியலாளராகி, 1966இல் அதன் முதல் ஆசிய இயக்குநரானார். கண்ணால் பார்த்து ரப்பர் தாளைத் தரம்பிரித்த பழைய வழக்கத்துக்குப் பதில், ஆய்வுக்கூடச் சோதனையால் தரம் சொல்லும் எஸ்எம்ஆர் முறை 1965இல் நடைமுறைக்கு வந்ததில் அவர் பங்கு பெரியது. தோட்டத்தில் பிறந்தவர் தோட்டத்துப் பொருளை உலகம் வாங்கும் விதத்தையே மாற்றினார். விதிவிலக்கு என்று இதைத் தள்ளலாம். தடை தளர்ந்த முதல் தலைமுறையிலேயே இப்படியொரு விதிவிலக்கு வந்தது எப்படி என்பதற்குத் தள்ளுகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி, கிராப் ஓட்டும் முனைவர். அவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். மைபிரெயின்15 போன்ற அரசுத் திட்டங்கள் முனைவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கின. 60,000 முனைவர்கள் என்ற இலக்கை அரசு வைத்தது. ஆனால் அத்தனை பேருக்கான விரிவுரையாளர் நாற்காலியைச் செய்யவில்லை. நாற்காலியை மட்டுமே நம்பிப் படித்தவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் வேலையில்லாத முனைவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. மேற்பார்வையாளரிடம் மானியம் இருக்கிறதா என்று விசாரிக்காமல், கடனில் கட்டணம் கட்டி, கருவிப் பயிற்சியோ நிறுவனத் தொடர்போ இல்லாத தலைப்பில் ஆறேழு ஆண்டுகள் கழித்தவர் ஒரு வகை. மானியத்தில் ஊதியம் பெற்று, மின்னணு நுண்ணோக்கியையோ இயந்திரக் கற்றல் நிரலையோ கையாளப் பழகி, மூன்று நான்கு கட்டுரையுடன் வெளியே வந்தவர் இன்னொரு வகை. முதல் வகைக்கு நேர்ந்ததை இரண்டாம் வகையின் தலையில் சுமத்துவது அநீதி.

போஸ்ட்டாக் நிலையற்றது என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. பட்டதாரி ஆய்வு உதவியாளருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பெரும்பாலும் சேமநிதியும் இல்லை, சொக்சோவும் இல்லை. போஸ்ட்டாக் ஒப்பந்தம் மானியத்தோடு முடிகிறது. ஒரு மானியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில மாதங்கள் வெறுமையாகப் போகலாம். உலகெங்கும் இதே நிலைதான், அதற்காக அது நல்ல நிலை ஆகிவிடாது. ஆனால் இதைவிட நிலையானது என்று காட்டப்படும் மாற்று எது? உற்பத்தி வரிசையில் ஒப்பந்தத் தொழிலாளி வேலையும் தனியார் கல்லூரியில் மணிக்கணக்குப் பாடமும் அதே அளவு நிலையற்றவை. போஸ்ட்டாக்கில் இருந்த இரண்டாண்டு தன்விவரக் குறிப்பில் தங்கும். அங்கிருந்து சிங்கப்பூருக்கோ ஜப்பானுக்கோ அடுத்த ஒப்பந்தம் தேடலாம், நிறுவன ஆய்வுப் பிரிவுக்கும் மாறலாம்.

வீட்டுச் செலவு என்ற வாதம் மறுக்கக் கடினமானது. மூத்த பிள்ளை சம்பாதித்தால்தான் இளையவன் படிக்க முடியும் என்ற வீட்டில் ஆய்வு பேசுவது எளிதன்று. ஆனால் இங்கும் கணக்கு தப்பாகப் போடப்படுகிறது. மருத்துவத்துக்கு நிலத்தை விற்கும் குடும்பம், ஊதியத்தோடு படிக்கும் வழியைச் செலவு என்று எழுதுகிறது. பிடிபிடிஎன் கடன் உடனே கழுத்தை நெரிக்கும் என்ற பயத்துக்கும் அடிப்படை குறைவு. முதல் வகுப்பு ஹானர்ஸ் பெற்றவர் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், மேற்படிப்பைத் தொடர்பவர் ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் பணம் ஒரு சாக்கு மட்டுமே. 'அதிகம் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது' என்பதுதான் வெளியே சொல்லப்படாத காரணம். ஆய்வுக்கூட வேலை வீட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் இருந்தும், இந்தக் காரணத்தால் போகாதவர்கள் உண்டு. அந்தக் குற்றத்தை எந்தப் பல்கலைக்கழகத்தின் மீதும் போட முடியாது.

இந்தக் கருத்து இவ்வளவு காலம் நீடிப்பதற்கு ஒரு வசதியான காரணமும் இருக்கிறது. கதவு மூடியிருக்கிறது என்று சொன்னால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மெட்ரிகுலேஷனில் எத்தனை இந்திய மாணவருக்கு இடம் என்பது ஆண்டுதோறும் தலைப்புச் செய்தி. ஆய்வு முதுகலையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டு ஒரு தலைவரும் அறிக்கை விடுவதில்லை. இந்தியர் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் ஆரம்பக் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவி போனது சரியே. ஆனால் ஆய்வு மாணவருக்கு உண்மையில் இடறும் இடங்கள் சிறியவை: பதிவுக் கட்டணம், முதல் உதவித்தொகை வரும்வரை உள்ள இரண்டு மூன்று மாதம், மானியம் முடிந்த பிறகு ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கடைசி அரையாண்டு. சில ஆயிரம் ரிங்கிட்டில் தீரும் விஷயங்கள். மலாக்காவின் ஒரு கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ பரிசளிப்பு விழாப் பந்தல் செலவில் இதைச் செய்துவிட முடியும். யூடெமிலும் மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் இப்போது இருக்கும் தமிழ் ஆய்வு மாணவர்களைத் தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் இடைநிலைப் பள்ளிகளுக்கும் அழைத்துப் பேசவைப்பதற்கு அந்தச் செலவும் இல்லை.

நிலவும் கருத்து சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. மேற்பார்வையாளரிடம் நடப்பு மானியம் இல்லாதபோது, உதவித்தொகை எத்தனை மாதம் வரும் என்பதை எழுத்தில் தர மறுக்கும்போது, அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் வராதபோது, சொந்தப் பணத்தில் முனைவர் பட்டத்தில் இறங்குவது தவறு. அந்த இடத்தில் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடு என்று சொல்லும் அப்பாவின் பேச்சைக் கேட்பதே நல்லது.